பேரிக்காய் மரத் தகராறும் என் மனைவியின் படிப்பும்

நான் ஐந்தாவது வரை படித்தவன். என் மனைவி கல்யாணத்தின்போதே பி.ஏ. முடித்திருந்தாள். அதுக்கே எங்கள் ஊரில் ஒரு மாதிரி பார்த்தார்கள். மூன்று வருசம் கழித்து மறுபடி படிக்கிறேன் என்றாள். படி என்றேன். என்ன படிப்பு என்று அப்புறம்தான் கேட்டேன்.

பிரெஞ்சு என்றாள். பாசை மட்டும் இல்லை. அந்தப் பக்கத்து நாடுகளின் கதை, ஓவியம், சினிமா, பேப்பர், ரேடியோ எல்லாம் சேர்ந்த எம்.ஏ.

பஸ் வந்து திரும்புகிற ஊரான சோளக்காட்டில், டீக்கடையில் கேட்டார்கள்.

"அதப் படிச்சா என்ன வேல கெடைக்கும்?"

"தெரியலீங்க."

"அப்புறம் எதுக்கு உட்டீங்க?"

"அவ கேட்டா."



திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மலை இறங்கிவிடுவாள். கீழே காலேஜ் விடுதியில் தங்கல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மலை ஏறி வருவாள். நடுவில் நான் களி கிண்டக் கற்றுக்கொண்டேன். முதலில் கட்டி விழுந்தது. பிறகு விழவில்லை.

ஒரு தடவை ஒரு ஓவியத்தைப் புத்தகத்தில் காட்டினாள். ஒரு ஆள் உட்கார்ந்து ரொட்டி தின்கிறான். முக்கால்வாசி இருட்டு. கரண்டு போன ஊடு மாதிரி இருக்குது என்றேன். சிரித்தாள். "வெளிச்சம் எங்கிருந்து வருதுன்னு பாருங்க" என்றாள். பார்த்தேன். இடது பக்கம் ஜன்னல். படத்தில் ஜன்னலே இல்லை, ஆனால் அங்கே ஒன்று இருக்கிறது என்று தெரிகிறது. கொஞ்ச நாள் எங்கள் ஊட்டு ஜன்னலையும் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

கடைசி வருசம் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். பழைய கறுப்பு வெள்ளை பிரெஞ்சுப் படம் ஒன்று. அதில் பேசுவதையெல்லாம் தமிழில் எழுதிப் படத்துக்குக் கீழே ஓட விட வேண்டும். மூன்று மாசம் உட்கார்ந்து எழுதினாள். அவளுடைய டீச்சர் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு வரிதான் எழுதியிருந்தார். இப்படி யாரும் பேசுவதில்லை, என்று.

இன்னொரு தடவை கொடுக்கலாம். அதுவும் திரும்பினால் ஒரு வருசம் போச்சு. அவள் சொல்லிவிட்டாள். "இன்னொரு வருசம் இந்த வளைவுல குலுங்க என்னால முடியாதுங்க. திரும்பி வந்தா இதோட நிறுத்திக்கறேன்."

 

அது மிளகு பறிக்கிற மாசம். சனி ஞாயிறு எனக்கு ஏணி பிடிக்க அவள் வருவாள். எங்கள் ஏணி ஒற்றை மூங்கில். கணுவில் கால் வைத்து ஏற வேண்டும். கீழே ஒரு ஆள் பிடிக்காவிட்டால் சுற்றிவிடும். ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் நோட்டை வைத்துப் படித்தாள்.

"உன் மரத்தின் கிளைகள் என் தோட்டத்தின் மேல் படர்ந்திருப்பதை நீ உடனடியாக அகற்றாவிட்டால் நானே அகற்ற நேரிடும்."

"அந்தாளு எவ்வளவு நேரம் பேசறான்?"

"ரெண்டு செகண்டு."

"ரெண்டு செகண்டுல இது ஆவுமா?"

"அப்புறம் எப்படிச் சொல்றது?"

"நீ வெட்டறியா, நான் வெட்டட்டா?"

கீழே பார்த்தேன். எழுதிக்கொண்டிருந்தாள். ஏணியை விட்டுவிட்டாள்.

"புள்ள, ஏணி."

"இருங்க, எழுதிக்கறேன்."

மிளகுக் கொடி ஏறின மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஏணி மேலே நிற்கிறவன் நீட்டிப் பேச மாட்டான். கூடை என்போம். நகத்து என்போம். அவ்வளவுதான். அந்த அளவுக்கு அவள் ஒவ்வொரு வரியையும் வெட்டினாள். நான் சொன்னதில் பாதியை எடுக்கவில்லை. "இது அவன் பேசறதில்ல, நீங்க பேசறது" என்பாள். அதுவும் சரிதான்.

ஒரு இடத்தில் சண்டையே வந்தது. படத்தில் மரத்துக்காரன் தன் பெண்டாட்டியிடம் அடுப்படியில் நின்று நிறையப் பேசுவான். மரத் தகராறில் அவள் கோபித்துக்கொண்டு ரொம்ப நாள் பேசாமல் இருந்தவள். "வா, சோறு உண்ணலாம்னு போடு, போதும்" என்றேன்.

"முப்பது வருசமா சொல்லாம வெச்சிருந்தத சொல்றான். அத நாலு வார்த்தையில முடிப்பீங்களா?"

"முடிப்பேன்."

"உங்களுக்கு முடியும். அவனுக்கு முடியல."

அந்த இடத்தை நீளமாகவே விட்டாள்.

டீச்சர் இந்தத் தடவை தாளில் பார்க்க மாட்டேன் என்றுவிட்டார். நேரில் எங்கள் ஊட்டுக்கே வருவார். பிரெஞ்சு தெரியாத பத்துப் பேர் உட்கார்ந்து படம் பார்க்க வேண்டும். இவளோ நானோ வாயைத் திறக்கக் கூடாது. படம் புரியாமல் யாராவது எங்கேயாவது சிக்கி நின்றுவிட்டால் பாஸ் கையெழுத்து இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். அன்று காலையிலிருந்து பனி மூட்டம். மிளகு காயப்போட வழி இல்லை. அதனால் ஊரே சும்மா இருந்தது. பத்துப் பேர் கேட்டால் இருபத்தைந்து பேர் வந்துவிட்டார்கள். டீச்சர் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே பஸ்ஸை விட்டு இறங்கினார். ஐம்பது வயசு இருக்கும். ஊட்டுக்குள் வந்ததும் கையில் பேனாவை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார்.

முன்வரிசையில் ஊர்க்கவுண்டர். எல்லைத் தகராறு, மரத் தகராறு எல்லாம் எங்கள் ஊரில் அவரிடம்தான் போகும். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவருக்குப் பின்னால் என் பெரியப்பா மகள். எனக்கு அக்கா முறை. ஏழாவது படித்தவள், வாய் ஓயாது.

கம்ப்யூட்டரை டி.வி.யில் மாட்டினாள் என் மனைவி. படம் ஓடியது. இரண்டு பேர் வந்து வேலி ஓரம் கத்தினார்கள். கீழே எழுத்து ஓடியது.

ஊர்க்கவுண்டர் திரும்பினார். "ஏம்மா, ஓடற எழுத்த நான் எப்படிப் புடிக்கறது?"

என் மனைவி வாயைத் திறக்கப் போனாள். மூடிக்கொண்டாள். டீச்சர் என்னவோ குறித்துக்கொண்டார். 

அக்கா சொன்னாள். "மாமா, நீங்க அவனுங்க மூஞ்சியப் பாருங்க. எழுத்த நான் படிக்கறேன்."

படிக்க ஆரம்பித்தாள். சும்மா படிக்கவில்லை. மரத்துக்காரனுக்கு ஒரு குரல், பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்கு ஒரு குரல். "நீ வெட்டறியா, நான் வெட்டட்டா" என்று அவள் போட்ட போடில் பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து ஒரு ஆள் சொன்னான். "அந்தச் சத்தத்தக் கொறைங்க. அக்கா படிக்கறது கேக்கல."

யாரோ எழுந்து போய் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். பிரெஞ்சு நின்றது. அதைச் சொல்லிக் கொடுத்தே காலத்தை ஓட்டின டீச்சர் மூலையில் உட்கார்ந்திருக்கிறார். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

கதை இதுதான். ஒருவன் தோட்டத்தில் பேரிக்காய் மரம். பாதிக் கிளை பக்கத்துத் தோட்டத்தில். பக்கத்துத் தோட்டத்துக்காரன் பழத்தைத் தின்றுவிடுகிறான். தகராறு அந்த ஊர்த் தலைவரிடம் போகிறது. எங்கள் ஊரில் பலா மரத்துக்கு இதே தகராறு நாலு நடந்திருக்கிறது. சிரிப்புப் படம் என்று அவள் சொல்லியிருந்தாள். ஆனால் நடுவில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. மரத் தகராறில் சிரிக்க என்ன இருக்கிறது? ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துவிட்டார்கள்.

"தின்னது தப்பு."

"எங்காட்டுல உழுந்தா எந்துதான்."

"உழுந்ததத் திங்கலாம். அவன் ஏறிப் பறிக்கறான், பாக்கலியா?"

படத்து ஊர்த் தலைவர் மரத்துக்காரனை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். தின்ன பழத்துக்கெல்லாம் ஈடு கொடுக்க வேண்டும் என்று. எங்கள் ஊர்க்கவுண்டர் எழுந்துவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"படத்த நிறுத்துங்க. இன்னொருத்தன ஏன் கூப்பிடல? ரெண்டு பக்கமும் கேக்காம என்ன தீர்ப்பு இது?"

என் மனைவியைத்தான் கேட்டார். நேராக அவளைப் பார்த்து. டீச்சர் பேனாவை எடுத்தார்.  எனக்குப் பதில் தெரியும். ஏணி மேல் நின்று அந்த வரியைக் கேட்டவன். ஆனால் நானும் பேசக் கூடாதவன். அவள் தன் புடவை நுனியைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஊர்க்கவுண்டர் நின்றுகொண்டே இருந்தார். அவர் போய்விட்டால் பாதிப் பேர் பின்னாலேயே போய்விடுவார்கள்.

"எதுக்கு மாமா நிக்கறீங்க?" என்றாள் அக்கா. "அதான் மொதல்லயே படிச்சனே. தலைவரு மரத்துக்காரனுக்கு மச்சான். அப்புறம் எப்படிக் கூப்பிடுவாரு?"

"எப்பப் படிச்ச?"

"கல்யாண ஊட்டுல மூணு பேரும் உக்காந்து திங்கறப்ப. நீங்க அந்தக் கோழியப் பாத்துட்டு இருந்தீங்க."

ஊடு முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். "மச்சானா? அப்ப செரி. அப்ப இது தீர்ப்பே இல்ல" என்று சொல்லி உட்கார்ந்தார். "ஓட்டுங்க."

அடுப்படிக் கட்டம் வந்தது. எழுத்து நிறைய ஓடியது. அக்கா குரலை மாற்றவில்லை அங்கே. மெதுவாகத் தன் குரலிலேயே படித்தாள். இரண்டு வரி அவளுக்குத் தப்பிப் போனது. யாரும் கேட்கவில்லை. பின்னால் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்த மனுசன் பேசி முடிக்கிற வரை ஊட்டில் ஒரு சத்தம் இல்லை. சோறு உண்ணலாம் என்று போட்டிருந்தால் அது வந்திருக்காது. அங்கே நான் சொன்னது தப்பு.

கடைசியில் மரம் பட்டுப் போகிறது. இரண்டு பேரும் ஒன்று சேர்ந்து புதுசாக ஒரு கன்று கொண்டுவந்து நடுகிறார்கள். அதே எல்லையில், அதே இடத்தில்.

ஊர்க்கவுண்டர் தலையில் கை வைத்தார். "மறுபடி அங்கயேவா வெக்கறானுங்க?"

அப்போதுதான் படத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். படம் முழுக்கச் சிரிக்காததையும் சேர்த்துச் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மனைவியிடம் கேட்டார். "இங்க சிரிப்பாங்கன்னு நீ எழுதிக் கொடுத்த லிஸ்டுல இது இருக்குதா?"

"இல்லீங்க மேடம்."

"உன் லிஸ்டுல இருந்த இடம் எதுலயாவது சிரிச்சாங்களா?"

"ஒன்னுல சிரிச்சாங்க."

டீச்சர் ஊர்க்கவுண்டரிடம் திரும்பினார். "ஐயா, படம் புரிஞ்சுதுங்களா?"

"புரியாம என்னங்க. ஆனா அந்தத் தலைவரு சரியில்ல. கேசு எங்கிட்ட வந்திருந்தா ஒரே நாளு. ஏறிப் பறிச்சது தப்பு, கிளைய வளர உட்டதும் தப்பு. பழத்தப் பாதி பாதி பிரிச்சுக்கங்கன்னு அனுப்பியிருப்பேன்."

அதையும் டீச்சர் எழுதிக்கொண்டார். பிறகு காகிதத்தை எடுத்து மிளகு மூட்டை மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனா மூட்டையில் இறங்கி ஒரு இடத்தில் காகிதம் ஓட்டை ஆகிவிட்டது. பரவாயில்லை என்றார்.

"கவுண்டரு எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டாருங்களே மேடம்" என்றாள் என் மனைவி. கையெழுத்துப் போட்ட பிறகும் அவளுக்கு நம்பிக்கை இல்லை.

"கேட்டாரு. பதில் உன் எழுத்துல இருந்துச்சு. அந்தம்மா எடுத்துக் கொடுத்தாங்க. எனக்கு அது போதும்."

அக்கா உடனே கேட்டாள். "அப்ப எனக்கு என்னங்க கொடுப்பீங்க?"

"நீங்க காலேஜுக்கு வாங்க. வருசா வருசம் படம் போடறோம்."

"சத்தத்தக் கொறைச்சு வெப்பீங்களா?"

சாயங்காலம் டீச்சரைச் சோளக்காட்டில் பஸ் ஏற்றினோம். அக்கா கொடுத்த அன்னாசி ஒரு கையில், எலுமிச்சம்பழம் இன்னொரு கையில். பஸ் திரும்பிப் போனது. நாங்கள் இரண்டு பேரும் ரோட்டோரம் நின்றோம்.

"பாஸுங்க" என்றாள்.

"ஆமா."

"அவ்வளவுதானா?"

"அடுத்து என்ன படிக்கறே?"

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் ரோட்டில் நடக்க ஆரம்பித்தாள். "ஊட்டுக்குப் போயிப் பேசலாம்" என்றாள். ஊடு வரைக்கும் அவளால் பொறுக்க முடியவில்லை. வழியெல்லாம் அதைத்தான் பேசிக்கொண்டு வந்தாள்.