வெளியில் சாப்பிடாத சம்பந்தி

பேரன் கார்த்தி சென்னையில் என்ஜினீயர் வேலையில் சேர்ந்தான். பேத்தி வினோதினிக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. சின்னவன் கபடியில் கப் வாங்கி வந்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். இதையெல்லாம் சொல்லாமல் இருக்க முடியுமா? கூனிமேட்டில் ஊரையே கூப்பிட்டு விருந்து போட்டேன். மூன்றாம் நாள், வர முடியாத உறவுக்காரரிடம் அந்தப் பெருமையைப் போனில் சொல்லி முடித்த கையோடு, ஆஸ்பத்திரியிலிருந்து மகள் கூப்பிட்டாள்: "அம்மா, அத்தை போயிட்டாங்க."

என் மகளின் மாமியார் அலமேலு அம்மாள், மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரியவர். அந்த மூன்று பிள்ளைகளுக்கும் அவரும் ஆயாதான், அப்பாவைப் பெற்ற ஆயா. அதை நான் யாரிடமும் சேர்த்துச் சொன்னதில்லை.

கல்யாணத்தன்று எங்கள் வீட்டுச் சாம்பாரில் உப்பு ஏறிவிட்டது. மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் முகம் சுளித்தார்கள். "ஏம்பா, நாம வார்ற உப்புதானே? நமக்கே கரிக்குதா?" என்றார் அலமேலு அம்மாள். பந்தியே சிரித்துவிட்டது. என் மானம் அன்று பிழைத்தது.

பேரப்பிள்ளைகளுக்காக நான் போட்ட விருந்தன்று வேலை முடிந்து பிற்பகலில்தான் வந்தார். சம்பந்தியின் பங்கு என்று இறால் தொக்கைக் காலையிலேயே தனியாக எடுத்து, மூடி வைத்திருந்தேன். அதுதான் மரியாதை என்று நினைத்தேன். மகள் ஒரு வாய் வைத்துப் பார்த்து, "அத்தே, புளிக்குது. வேணாம்" என்றாள்.

"மாங்கா போட்டிருப்பாங்க. சும்மா இருடி" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நான் மாங்காய் போடவில்லை. வாயையும் திறக்கவில்லை.

அன்றே வாந்தி, பேதி. மறுநாளும் வேலைக்குப் போய் உப்புப் பாத்தியிலேயே விழுந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர், "வெளியில ஏதாவது சாப்டீங்களா?" என்று கேட்டார்.

"வெளியில எங்கயும் கை நனைக்கலீங்க. பாத்தி வெயிலு."

சம்பந்தி வீடு வெளியா? அந்தச் சொல்லுக்குள் அவர் என்னை ஒளித்து வைத்தார். கட்டிலருகே நின்ற நானும் ஒளிந்துகொண்டேன்.

மீதித் தொக்கைச் சாப்பிட்ட இன்னும் சிலரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். விசாரிக்க வந்த சுகாதார நர்ஸிடம் அவர்களும் வெயில் என்றார்கள். "இந்த ஊர்ல யாருக்கும் சோறு கெடாதுங்க, எல்லாத்துக்கும் வெயிலுதான்!" என்று அந்தப் பெண் நொந்துகொண்டு போனார்.

சம்பந்தியம்மா, போய் வாருங்கள். இனி என்னை மறைக்க வேண்டாம்.

கார்த்தி, குடும்ப குரூப்பில் ஆயாவின் முகத்தை மட்டும் வெட்டிப் போட்டு, 'வெயில் தாங்காமல் காலமானார்' என்று எழுதியிருக்கிறாய். அதை எடுத்துவிடு. விருந்தன்று எடுத்த முழுப் படத்தைப் போடு. கையிலிருக்கும் தட்டு தெரியட்டும். பக்கத்தில் கரண்டியோடு சிரித்துக்கொண்டு நிற்கும் நானும் தெரியட்டும்.