போர்ட்டை விடாத முசுடு

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். அவளுக்குக் கதை கட்டத் தெரியாது, கோபப்படத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பகல் 12.10. ஆஸ்பத்திரி ரத்த வங்கியின் சர்வர் புரோகிராம் கிளம்பவில்லை என்று போன். அங்கே கம்ப்யூட்டர் இன்ஜினியர் அவள். தலைக்குக் குளித்த ஈரம் காயாமல் ஓடினாள். வாசலிலேயே நர்ஸ் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஆபரேஷனுக்கு ஆள் படுத்திருக்கு. யாருக்கு எந்த குரூப்னு காட்டவே மாட்டேங்குது!"

12.31. சர்வர் தன் பிழைகளை எழுதி வைக்கும் லாக்கைத் திறந்தாள். ஒரே வரி. ரத்த வங்கி புரோகிராம் உட்கார வேண்டிய போர்ட்டை, அதாவது இணைப்பு வாசலை, வேறொரு புரோகிராம் ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறது. ஒரு நாற்காலியில் இரண்டு பேர் உட்கார முடியாதே! அது யார் பெயரில் ஓடுகிறது என்று பார்த்தாள்.

முசுடு.

ஆஸ்பத்திரியே அப்படித்தான் கூப்பிடும். அவளோடு மல்லுக்கு நின்றுவிட்டு, இரண்டு மாதத்துக்கு முன் வேலையை விட்டுப் போன இன்ஜினியர். அவருடைய கணக்கை அவளேதான் அழித்திருந்தாள்.

உச்சந்தலை கொதித்தது. "போயும் ஒழியலையாய்யா நீ!"

அந்தப் புரோகிராமை நிறுத்தினாள். நின்றது. மறு நொடியே புது அடையாள எண்ணோடு முளைத்தது. மறுபடி நிறுத்தினாள். மறுபடி...

எங்கிருந்து நுழைந்திருக்கிறார்? வெளியிலிருந்து இல்லை. பக்கத்து சர்வர் அறையின் கீபோர்டிலிருந்து.

அந்த அறைச் சாவி அவள் பையில் இருந்தது.

12.44. உதைக்காத குறையாகக் கதவைத் திறந்தாள். யாருமில்லை.

டக்... டக்... டக்...

கீபோர்டின் விசைகள் தானாக அமுங்கி எழுந்தன. திரையில் ஒரு வார்த்தை.

'ஆரம்பிக்காதே.'

பயத்தைவிடக் கோபம்தான் முந்தியது. "அங்க ஒரு உயிர் போகுதுய்யா! எழுந்து போ!"

டக்... டக்...

'குரூப்பைப் பார்.'

நோயாளிகளின் ரத்தப் பட்டியலை நேரடியாகத் திறந்தாள். காலையில் யாரோ போட்ட அப்டேட்டில் ஏ குரூப்பும் பி குரூப்பும் இடம் மாறியிருந்தன.

எல்லோருக்கும்.

"கம்ப்யூட்டரை நம்பாதீங்க! கையாலயே டெஸ்ட் பண்ணி ஏத்துங்க!" என்று நர்ஸிடம் போனில் கத்தினாள்.

நோயாளி பிழைத்துக்கொண்டார்.

ஆனால் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நேரில் வந்து சொன்னால் என்ன, வாயில் கொழுக்கட்டையா? நாலு வார்த்தை கேட்டே தீரவேண்டும் என்று மாலை 5.20-க்கு முசுட்டின் நம்பருக்கு அடித்தாள். எடுத்தது அவர் மனைவி.

"உங்களுக்குத் தெரியாதா? அவர் போய்ச் சேர்ந்து இன்னையோட பதினெட்டு நாளாச்சு."

"எப்... எப்படிங்க?"

அந்தக் குரலில் அழுகை இல்லை. நெருப்புதான் இருந்தது.

"வேற ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்தோம். பாவிங்க... குரூப் மாத்தி ரத்தம் ஏத்திட்டாங்க."