ஓசூரில் பாதி காபி

2007-ல் ஈப்போவில் இருந்து ஓசூருக்கு ஆறு மாத வேலையாகப் போனேன். எங்கள் நிறுவனம் விற்ற இயந்திரத்தை அங்கே ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் நிறுவி, ஓட்டப் பழக்கிக் கொடுக்க வேண்டும். தமிழ் பேசுகிற ஊர்தானே, மலேசியத் தமிழனுக்கு என்ன கஷ்டம் என்று தெனாவட்டாகக் கிளம்பினேன். பெங்களூரில் இருந்து நாற்பது கிலோமீட்டர்; பேருந்தில் ஒன்றரை மணி நேரம், நெரிசலில் மாட்டினால் இரண்டரை.

பேருந்து நிலையத்தில் இறங்கியதும் டீ கேட்டேன். எங்கள் ஊரில் தே தாரிக் என்றால் கைப்பிடி வைத்த பெரிய குவளை. நுரை பொங்க வரும், நாற்காலியில் சாய்ந்து ஒரு மணி நேரம் குடிப்போம். இங்கே கட்டை விரல் உயரத்துக்கு ஒரு கண்ணாடி டம்ளர். நின்றபடியே நாலு மடக்கு, முடிந்தது. இதற்குப் பெயர் டீயா என்று எரிச்சலாக வந்தது.

தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த ஆபரேட்டர் முனிராஜ், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முதல் நாள் காலை இடைவேளையில் வாசலுக்கு எதிரே இருந்த கடைக்குக் கூட்டிப் போய், "ஒந்து பை டூ" என்று கன்னடத்தில் குரல் கொடுத்தார். கடைக்காரர் ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றி வைத்தார். அந்தச் சின்ன டம்ளரிலும் பாதி! பாவம், சிக்கனம் பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "அண்ணே, இனிமே நான் வாங்குறேன்" என்றேன். மாலையில் ஆளுக்கு ஒரு முழுக் காபி வாங்கினேன். ஒரு காபி ஐந்து ரூபாய்தான். ஆனால் பெரிய வள்ளல் என்று எனக்கு நினைப்பு. அவர் குடித்துவிட்டு இயந்திரத்துக்குத் திரும்பிவிட்டார்.

மறுநாள் இடைவேளையில் என்னைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அந்த ஊரில் இயந்திரத்தைத் தாண்டி என்னிடம் பேசிய ஒரே ஆள் அவர். வாடகை வீட்டுச் சுவரைப் பார்த்தபடியே ஆறு மாதத்தையும் ஓட்ட வேண்டுமோ என்று பயமே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை நானே கடைக்குப் போய்க் கூச்சத்தோடு "ஒந்து பை டூ" என்றேன். கடைக்காரர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இன்னொண்ணு யாருக்குங்க சார்?"

இரண்டு டம்ளரையும் ஏந்திக்கொண்டு, சாலையோரம் நின்றிருந்த முனிராஜிடம் போனேன். அவர் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"என் மேல கோபமாண்ணே?"

"கோபமெல்லாம் இல்லீங்க சார். பாதி பாதியா குடிச்சாத்தானே மறுபடி மறுபடி வர முடியும்? நீங்க முழுசா வாங்கிக் குடுத்ததும், சரி, சார் ஒரே தடவையில கணக்க முடிச்சுட்டாரு, இனி நம்மகூட வர மாட்டாருன்னு நெனச்சுட்டேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. அன்றைக்கே இன்னும் இரண்டு முறை கடைக்குப் போனோம். அதன் பிறகு இயந்திரத்தை அவர் வேகமாகப் பழகிவிட்டார். பாதிக் காபியோடு நிறுத்தப் பழக எனக்குத்தான் நாளாயிற்று.

ஓசூருக்கு வேலையாகப் போகிறவர்கள் காலைக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை குறைவாக வேண்டுமென்றால், காபி ஆற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். யாராவது பாதி டம்ளரை நீட்டினால், மீதி எங்கே என்று என்னைப் போல யோசிக்காதீர்கள். அது அவர் கையில் இருக்கிறது.