ஏலத்துக்கு வந்த ஆடு

லாலாகுடா ரயில்வே பட்டறை அலுவலகத்தில் நான் டைப்பிஸ்டாக இருந்த காலத்தில், வாய்விட்டுப் பேச ஆள் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமைதான். செகந்தராபாத்தில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையின் ஓய்வுநாள் பள்ளியை நடத்தினேன். பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும்; பதில் மட்டும் தெலுங்கிலோ ஹிந்தியிலோ வரும். என் திருநெல்வேலித் தமிழில் வேதக் கதை சொன்னால் கொட்டாவி விடுவார்கள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபத்தில்தான் ஒருநாள் பொம்மைகள் வாங்கி வந்தேன்.

தகரக் குரங்கு மரமேறிய சகேயு ஆனது. கோலியாத்துக்கு ஒரு கரடி. யோனாவை விழுங்கிய மீன், நீல நிற சோப்பு டப்பா. எல்லாவற்றிலும் அவர்களுக்குப் பிடித்தது காது கடிபட்ட ரப்பர் ஆடு. காணாமல் போன ஆட்டின் கதைக்காக அதைக் கோயிலுக்குள் எங்காவது ஒளித்து வைப்பேன். பிள்ளைகள் பெஞ்சுகளுக்கு அடியில் தவழ்ந்து தேடுவார்கள். முன்பல் விழுந்த ஒரு சிறுமிதான் பெரும்பாலும் கண்டுபிடித்து, "மில்கயா டீச்சர்" என்று கத்துவாள். பிறகு மேய்ப்பன் பொம்மை அக்கம்பக்கத்தாரை அழைக்கும். மற்ற பொம்மைகள் சுற்றி நிற்கும்; பிள்ளைகள் ஆரவாரம் செய்வார்கள். அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டே என் ஒற்றை அறையில் ஒரு வாரத்தை ஓட்டிவிடுவேன்.

பொம்மைகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, ஐயர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறையில் வைத்திருந்தேன். ஓர் அறுப்பின் பண்டிகையன்று காணிக்கையாக வந்த பூசணி, வாழைத்தார், கோழி எல்லாம் அங்கேயே குவிந்தன; ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விட்டுச் சபைக்குப் பணம் சேர்ப்பார்கள். ஏலத்துக்குப் பொருள் எடுக்க வந்தவர்கள் என் டின்னையும் சேர்த்துத் தூக்கிவிட்டார்கள். நான் டீக் கெட்டிலோடு வெளியே வந்தபோது கோலியாத்தை யாரோ வாங்கியாயிற்று. ஆண்டவருக்கென்று மேஜை ஏறிய பொருளை என்னுடையது என்று எப்படித் திரும்பக் கேட்பது? ஒவ்வொன்றாகப் போயின.

ஆட்டின் முறை வந்தது. அந்தச் சிறுமியின் அப்பா கேட்டார். நானும் கேட்டேன். அவர் ஏற்றினார்; நான் விடவில்லை. கூட்டம் சிரித்தது. ஏலம் விட்ட பெரியவர், "டீச்சரம்மா ஆசையாக் கேக்காங்க, விட்டுக்குடுங்கய்யா" என்றார். சிறுமியின் அப்பா ஒதுங்கிக்கொண்டார். அவள் அவர் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதைப் பார்த்தேன். பார்த்தும் ஆட்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அடுத்த பாடத்துக்கு வேண்டுமே என்று எனக்கே சமாதானம் சொன்னேன். பொய். அதை யாருக்கும் விட எனக்கு மனசில்லை.

பஸ் பிடித்து அறைக்கு வந்து அதை மேஜைமேல் வைத்தேன். கதைப்படி இனி அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட வேண்டும். பக்கத்து வீட்டாருக்கு என் பெயரே தெரியாது. ஒரு தம்ளர் டீ போட்டேன். அந்த ஊருக்கு வந்த இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் தனிமை தாங்காமல் அழுதேன்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல ஆட்டை ஹார்மோனியத்துக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, "ஆட்டைக் காணோமே, தேடுங்க" என்றேன். ஒரு பிள்ளையும் எழுந்திருக்கவில்லை.

"காய்கு? ஏன் தேடணும் டீச்சர்?" என்றாள் அந்தச் சிறுமி, கோபமே இல்லாமல். "அது உங்க ஆடுதானே. எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

நானே போய் எடுத்து வந்தேன்.