வுட்டாச்சு

குள்ளம்மாளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. படுக்கையில் கிடந்த மாமியாரைப் பார்த்துக்கொண்ட காலத்தில்கூட நின்றபடியே சாப்பிட்டவள். மாமியார் போனபிறகு ரோட்டு வேலைக்கு வந்தாள். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் பாலம் கட்டப் பாதி ரோட்டை அடைத்திருந்தார்கள். மீதிப் பாதியில் ஒரு பக்கத்து வண்டிகளை நிறுத்தி மறுபக்கத்து வண்டிகளை அனுப்ப வேண்டும். நடுவில் வளைவு, இந்த முனையில் நிற்பவளுக்கு அந்த முனை தெரியாது. அங்கே நிற்கும் மாதவராஜோடு பேச வாக்கி-டாக்கி.

பாதுகாப்பு அதிகாரி சசிகலா போட்ட திட்டத்தில் கூம்பு, பலகை, தடுப்பு எல்லாம் இருந்தன. எந்த வார்த்தையில் பேசிக்கொள்வது என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை மாதவராஜ், "வுட்டாச்சுக்கா" என்றான். வண்டி அனுப்புவதை விட்டாச்சு, அதாவது நிறுத்தியாச்சு என்று இவள் எடுத்துக்கொண்டு பச்சைக் கொடியைக் காட்டினாள். அவனோ வண்டிகளையே விட்டிருந்தான். வளைவில் பள்ளி வேனும் தக்காளி லாரியும் முட்டாமல் நின்றது டிரைவர்களின் புண்ணியம்.

சசிகலா கத்தவில்லை. "இனிமே 'வுடு'ங்கற பேச்சே வேணாம். 'அனுப்பு', 'நிறுத்து', அவ்வளவுதான். இன்னொரு தடவை ஆச்சுன்னா ரெண்டு பேரும் மண்ணள்ளத்தான் போகணும்."

மண்ணள்ளுவது குள்ளம்மாளுக்குப் பெரிதில்லை. கண்ணை மூடினால் அந்த வேன் வந்தது. ஆனால் நாக்கு லேசில் திரும்பவில்லை. கோழியை விடுவதும், பாத்திக்குத் தண்ணி விடுவதும், சண்டையை விடுவதும் ஒரே பேச்சுதானே. அடுப்படியிலும் "அனுப்பு, நிறுத்து" என்று முணுமுணுத்தாள்.

"குழம்புக்கும் கொடி காட்டறியாம்மா?" என்று மகள் சோபனா சிரித்தாள்.

சந்தை நாளன்று லாரியும் டெம்போவும் நீள வரிசை கட்டின. ஆரன் காதைப் பிளந்தது. வாக்கி-டாக்கி கரகரத்தது: "அக்கா, வுட்டுடு, வுட்டுடு!"

அவள் சிவப்புக் கொடியை இறக்கவில்லை. "எதை வுடறது? ஒழுங்காச் சொல்லு!"

வாக்கி-டாக்கியில் வெறும் இரைச்சல். முதல் லாரிக்காரர் தலையை நீட்டினார். "ஏம்மா, எதுத்தாப்புல ஒண்ணுமே வரல. கண்ணு அவிஞ்சிபோச்சா?"

அவள் லாரிக்கு நேர் முன்னால் போய் நின்றாள். "அவசரம்னா எம்மேல ஏத்திட்டுப் போங்க."

"நிறுத்துக்கா, நிறுத்து!" மாதவராஜ் அலறினான். "பஸ்ஸு ஒண்ணு என்னை மீறிப் பூந்துடுச்சு!"

வளைவில் பஸ்ஸின் முகம் தெரிந்தது. லாரிக்காரர் ஆரனிலிருந்து கையை எடுத்தார்.

பஸ் கடந்ததும் குள்ளம்மாள் கேட்டாள்: "பின்னால எதாவது வருதா?"

"இல்லக்கா. அனுப்பு."

"இன்னொரு தடவை சொல்லு."

"அனுப்புக்கா!"

பச்சைக் கொடியை எடுத்தாள். லாரிக்கு முன்னாலிருந்து விலகி நின்று காட்டினாள்.