டொலுயீனும் செந்திலின் ஸ்பேனரும்

டொலுயீன் என்றால் பெயின்ட் தின்னர் வாசம்தான். திருச்செங்கோடு பக்கம் நான் எம்.டெக். படித்த லேப் முழுக்க அதுதான் வீசும். துப்பட்டாவை எத்தனை முறை அலசினாலும் போகாது... பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் அக்காமார் “ஊட்டுக்குப் பெயின்ட் அடிக்கறீங்களா சாமி?” என்று கேட்பார்கள்.

எங்கள் புராஜெக்ட் இதுதான். நாலைந்து தலைமுடி அகலத்தில் ஒரு வாய்க்கால் செய்து, அதில் டொலுயீன் எப்படி ஓடுகிறது என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ஊரே செய்கிற மாதிரி சிலிக்கான் ரப்பரில் செய்தோம். தண்ணீர் ஜம்மென்று ஓடியது. டொலுயீன் விட்டதும் ரப்பர் உப்பி வாய்க்காலே அடைத்துக்கொண்டது. ஓட்டத்தைக் காட்டுவதற்காக வாங்கிய பிளாஸ்டிக் துகள்களும் அதில் கரைந்து தொலைந்தன.

அடுத்த ரிவியூவில் ஓடாவிட்டால் இன்னொரு செமஸ்டர் என்றார் கைடு. எனக்கோ கேம்பஸில் வேலை கிடைத்திருந்தது... அது போய்விடும்.

என் புராஜெக்ட் பார்ட்னர் செந்தில், மல்லசமுத்திரத்துக்காரன். வீட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி ஓடுகிறது. டெஃப்லான் கேஸ்கட்டை எந்த ஆயிலும் ஒன்றும் செய்யாது என்று ஒரு ஷீட்டைக் கொண்டுவந்தான். அதில் பிளேடால் வாய்க்கால் கீறி, இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து, போல்ட் போட்டோம். அற்புதமான யோசனை. ஆனால் லாரி வீல் நட்டை முறுக்கிப் பழகிய கை... கண்ணாடி சடக்கென்று விரிசல் விட்டது.

இப்படி மூன்று கண்ணாடி. கேட்டால், “இன்னும் அரைச் சுத்துப் போட்டாத்தானுங்க மனசு நிக்குது” என்பான். நாலாவதற்கு ஸ்பேனரைப் பிடுங்கிப் பூட்டிவிட்டு, விரலால் மட்டும் முறுக்கவிட்டேன். ஒழுகவே இல்லை!

மறுநாள் ஆயுத பூஜை. லீவு முடிந்ததும் ரிவியூ. ரிவியூ அன்று காலையில் போய்ப் பார்த்தால், மைக்ராஸ்கோப் பார்க்க வேண்டிய இடத்தில், சந்தனத்தின் மேல் கொழுகொழுவென்று ஒரு குங்குமப் பொட்டு. வண்டிக்கு வைக்கிற மாதிரியே வைத்திருக்கிறான் செந்தில்! பதறிப்போய்ச் சுரண்டினேன். பாதிப் பொடி, டொலுயீன் விடுகிற கண்ணாடி ஓட்டைக்குள் விழுந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“உன்னாலதான் என் வேலையே போச்சு. என் மூஞ்சிலேயே முழிக்காத.”

என்று அவனிடம் கத்தினேன். அதற்குள் ரிவியூ பார்க்க வெளியூர்ப் புரொபசர் வந்துவிட்டார். வேறு வழியில்லாமல் பம்பைப் போட்டோம். அவர் குனிந்து பார்த்தார்... பார்த்துக்கொண்டே இருந்தார். சிவப்புப் பொடி கரையாமல், நடுவில் வேகமாக, ஓரத்தில் மெதுவாக, பாடப் புத்தகத்தில் உள்ளபடியே போகிறதாம். என்ன துகள் போட்டீர்கள் என்று கேட்டார்.

செந்தில்தான், “குங்குமமுங்க சார்” என்றான்.

புரொபசர் சிரித்த சிரிப்பில் ரிவியூ முடிந்தது. நான் சொன்ன தேதியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

இப்போது நான் வேலை பார்க்கும் பெங்களூரில் ரெடிமேடாகவே வாய்க்கால் பார்சலில் வருகிறது. ஒழுகினால் ஃபாரம் நிரப்பினால் போதும், வேறு வரும். யாரையும் திட்ட வேண்டியதில்லை. செந்தில் ஆப்பிரிக்காவில் ரிக் ஓட்டுகிறான்.

நேற்றுத்தான் உறைத்தது... அன்றைக்கு அப்படிப் பேசியதற்கு நான் மன்னிப்பே கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து, ஸாரி செந்தில் என்று மெசேஜ் போட்டேன்.

உடனே பதில் வந்தது. “எதுக்குங்க?”