இரண்டாவது சுற்றில் நான் போட்ட கையெழுத்து

பத்தொன்பது வயதில் நான் பெற்ற மகள், ஜெர்மனியின் டோர்ட்மண்டிலேயே வளர்ந்தவள். அவளுக்கு அமெரிக்காவில் கடல் உயிரியல் படிக்க ஆசை. முதலில் விண்ணப்பித்த கல்லூரி டிசம்பரில் மறுத்துவிட்டது.

சில கல்லூரிகள் ஜனவரியில் இரண்டாவது முன்கூட்டிய சேர்க்கைச் சுற்று ஒன்றை நடத்துகின்றன. அதில் இடம் கிடைத்தால் கட்டாயம் சேர வேண்டும். மற்ற விண்ணப்பங்களையெல்லாம் திரும்பப் பெற வேண்டும். பெற்றோரும் கையெழுத்திட வேண்டும்.

அந்தக் கல்லூரிகளின் பட்டியலில் நான் பாடங்களைப் பார்க்கவில்லை. எந்த ஊரில் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள் என்றுதான் தேடினேன். என் கணவரின் அக்கா வசிக்கும் ஊரில் ஒரு கல்லூரி இருந்தது.

"அம்மா, அங்க கடல் உயிரியல் இல்லை. நான் விரும்பி விண்ணப்பிச்ச மற்ற இடத்தில அது இருக்கு, ஆனால் இந்தச் சுற்று இல்லை. அவையின்ர பதில் மார்ச்சிலதான் வரும், அதுவரைக்கும் பொறுப்பமே?"

"அவையும் இல்லையெண்டு சொன்னால் என்ன செய்யிறது? அந்த ஊரெண்டால் மாமி இருக்கிறா. சோறாவது தருவா."

"நான் சோறு தின்னவோ போறன்?" என்று சிரித்தாள். பிறகு, "சரி, கையெழுத்தைப் போடுங்கோ" என்றாள்.

பெப்ரவரியில் இடம் கிடைத்தது. நான் கணவரின் அக்காவிடம் தொலைபேசியில் சந்தோஷத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மகள் என் அருகில் இருந்தே அந்த மற்ற விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றாள். "முடிஞ்சுது அம்மா" என்றாள். அழவில்லை.

இப்போது அங்கே வேறு பாடம் படிக்கிறாள். என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனால் அவள் விரும்பிய அந்த மற்றக் கல்லூரி என்ன பதில் சொல்லியிருக்கும் என்பது எங்களுக்கு இனித் தெரியவராது. அவர்களும் அவளை மறுத்திருக்க வேண்டும் என்று, பெற்ற தாய் நான், இன்றுவரை வேண்டிக்கொண்டிருக்கிறேன்.